நான் கை தூக்காத நாட்கள்

(பழைய மாணவி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை)



நம் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டனுப்பியபோது, ‘காலத்தின் அருமை’, ‘மாணவியரும் ஒழுக்கமும்’ என்பன போன்ற தலைப்புகளே முதலில் என் நினைவுக்கு வந்தன. நான் இங்குப் படித்த காலத்தில் இதே மலரில் ‘சிக்கனம்’ பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான். அப்பொழுது எனக்குச் சிக்கனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இம்முறை எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணினேன். அது அக்குள் வியர்வை.

இச்சொல்லைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். நானும் தயங்கித் தயங்கித்தான் சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே? நீங்களே எழுதுங்கள்” என்றார்கள். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

1979ஆம் ஆண்டு. நான் பத்தாம் வகுப்பு. வெள்ளை ரவிக்கை, நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே என் ரவிக்கையின் இரு கைகளின் அடியிலும் உள்ளங்கையளவு ஈரம் படர்ந்துவிடும். வெயில் என்றில்லை, மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். என்னை யாராவது உற்றுப் பார்த்தால் போதும், ஊற்றுப் போல் பெருகும். உள்ளங்கைகளும் அவ்வாறே. நோட்டுப் புத்தகத்தில் எழுதும்போது கைக்கடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்வேன். இல்லையேல் மை பரவிவிடும். வீட்டில் அம்மா, “சூட்டு உடம்பு” என்று சொல்லி வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் தீர்ந்ததே ஒழிய வியர்வை தீரவில்லை.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வது. எக்காரணம் கொண்டும் கையைத் தூக்காமல் இருப்பது. வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டேன். பந்து எறியும் ஆட்டத்திற்கு வயிற்றுவலி என்பேன். நாட்டிய நாடகத்தில் தேவதை வேடம் கொடுத்தார்கள். தேவதைக்குக் கைகளை விரிக்க வேண்டியிருந்ததால் மறுத்துவிட்டேன். எல்லோரும் என்னை அடக்கமான பெண் என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அவ்வாண்டு கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தார். எங்கள் இயற்பியல் சிஸ்டர் அதற்காக ஒரு வாரம் எங்களைப் பழக்கியிருந்தார்கள். அலுவலர் எங்கள் வகுப்பில் நுழைந்து, “கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மின்சார மணி அடித்துக்கொண்டிருக்கிறது. கூண்டிலிருந்து காற்றை வெளியேற்றினால் மணியோசை குறைகிறதே, ஏன்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். எனக்குத் தெரியும் என்பது சிஸ்டருக்கும் தெரியும். அவர்கள் என்னையே பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஒரு கைகூட எழவில்லை. அலுவலர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை சிஸ்டர் என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அதே ஆண்டு வேதியியல் ஆய்வகத்தில் இன்னொன்று நடந்தது. அயோடின் கரைசல் சிந்திப் பலருடைய கைகளிலும் கறை பட்டுக் காய்ந்திருந்தது. பிறகு மாவுப்பொருள் சோதனைக்காக ஸ்டார்ச்சுத் தூளை எடுத்தோம். தோழியரின் கைகளில் தூள் வெள்ளையாகவே இருந்தது. என் உள்ளங்கை மட்டும் கருநீலமாகிவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். ஆய்வக சிஸ்டர் என் கையைப் பிடித்து, “சிரிக்காதீர்கள். அயோடினும் ஸ்டார்ச்சும் சேர்ந்து நிறம் மாற நீர் வேண்டும். உங்கள் கையில் நீர் இல்லை, இவள் கையில் இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். நான் கையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். விக்டர் மைனர் என்ற ரஷ்ய நரம்பியல் மருத்துவர் 1920களின் பிற்பகுதியில் இதே முறையை வியர்வைச் சோதனையாகவே வெளியிட்டார் என்பதும், இன்றும் மருத்துவர்கள் இச்சோதனையைச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

நிற்க. வயது ஏற ஏற என் வியர்வை தானாகவே ஓரளவு தணிந்தது. நான் இயற்பியல் படித்து ஆசிரியையானேன். கரும்பலகையின் மேற்பகுதியில் எழுதாமலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

2023ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். வயது 22. வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தாள். கோடையிலும் கறுப்பு நிறச் சட்டை அணிந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அப்படி உட்காரும் கலையில் என்னை மிஞ்சியவர் இல்லை அல்லவா!

“அத்தை, எனக்குக் கொஞ்சம் பணம் கடனாகத் தருவீங்களா? அப்பாகிட்டக் கேட்க முடியாது” என்றாள். மெல்ல மெல்ல விஷயம் வெளிவந்தது. நகரத்தில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்தில் அல்ட்ராசவுண்ட் கதிரை அக்குளில் செலுத்தி வியர்வைச் சுரப்பிகளை அழித்துவிடுகிறார்களாம். நிரந்தரத் தீர்வாம். அவள் சேமிப்பு முழுவதையும் போட்டாலும் போதாது. “நீங்கதான் ஒலியியல் பாடம் எடுக்கறீங்களே, இது உண்மையா பொய்யா, நீங்களே சொல்லுங்க” என்றாள்.

அன்றுதான் வாழ்க்கையில் முதன்முறையாக என் கதையை ஒருவரிடம் சொன்னேன். அவள் என்னை வியப்போடு பார்த்து, “உங்களுக்குமா அத்தை? ஏன் யாருமே சொல்லலை?” என்றாள். இத்தொல்லை பல குடும்பங்களில் வழிவழியாக வருவது உண்டு. நான் முன்பே வாய்திறந்திருந்தால், இந்தப் பெண் தன்னை மட்டும் ஆண்டவன் இப்படிப் படைத்துவிட்டார் என்று எண்ணிப் பத்தாண்டுகள் தனியே அழுதிருக்க மாட்டாள். அந்தக் குற்ற உணர்வோடுதான் அவளுடன் அந்த நிலையத்திற்குச் சென்றேன்.

அங்கிருந்தவர்கள் மிகவும் அன்பாகப் பேசினார்கள். குளிர்ந்த நீர் கொடுத்தார்கள். “இது வேலை செய்யும் என்று எப்படிச் சோதித்தார்கள்?” என்று கேட்டேன். “ஆயிரக்கணக்கானவர்கள் திருப்தியோடு போயிருக்கிறார்கள், மேடம்” என்று பதில் வந்தது. “திருப்தியை எதைக் கொண்டு அளந்தீர்கள்?” என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. கட்டண அட்டை வந்தது. நாங்கள் விடைபெற்றுக்கொண்டோம்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் வரிசையில் நின்றோம். எங்களைப் பார்த்த மருத்துவர் ஓர் அம்மையார். என் அண்ணன் மகளிடம் முதலில் அவர் கேட்டது, “தூங்கும்போது வியர்க்கிறதா?” என்பதே. இல்லை என்றாள். “இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா? எத்தனை வருஷமாக?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். இரவில் தூக்கத்திலும் வியர்த்தாலோ, திடீரென்று உடல் முழுவதும் வியர்க்கத் தொடங்கினாலோ, எடை குறைந்தாலோ தைராய்டு, சர்க்கரை முதலிய வேறு நோய்களைத் தேட வேண்டுமாம். இவளுக்கு இருப்பது அத்தகையதன்று. நரம்புகள் சுரப்பிகளுக்கு அளவுக்கு மீறிக் கட்டளை அனுப்புவதால் வருவது. சுரப்பிகள் நல்லவையே, வேலைதான் அதிகம்.

நம் உடலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வியர்வை இல்லாவிட்டால் நம் ஊர்க் கோடையில் மனிதர் வாழ இயலாது. ஆனால் தேர்வு அறையில் மின்விசிறிக்குக் கீழே அமைதியாக அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அவ்வளவு குளிரூட்டல் தேவையில்லை என்பதை அந்த நரம்புகள் அறிவதில்லை.

அடுத்து, அல்ட்ராசவுண்ட் பற்றிக் கேட்டோம். மருத்துவர் அம்மா சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே கூறுகிறேன்.

நம் காது ஒரு விநாடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டதே மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட். 1880இல் பிரெஞ்சு நாட்டின் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அப்படிகங்கள் அதிரும் என்பது பின்னர் தெளிவாயிற்று. முதல் உலகப் போரின்போது லான்ஜெவின் என்பவர் அவ்வதிர்வைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட முயன்றார். கருவிலிருக்கும் குழந்தையைப் படம் காட்டும் ஸ்கேன் கருவி இந்த வழியில் வந்ததே. அதில் ஒலி மெல்லப் பரவிச் சென்று எதிரொலித்துத் திரும்புகிறது, எதையும் சுடுவதில்லை.

ஆனால் வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்தால் என்ன நடக்கும்? தாளெங்கும் பரவிய வெயில் ஒரு புள்ளியில் குவிந்து தாளைப் பொசுக்கிவிடும். ஒலியையும் அவ்வாறு குவிக்கலாம். 1942இல் அமெரிக்காவில் இதைச் சோதித்து, இடையிலுள்ள பகுதிக்கு அதிகக் கேடின்றி உள்ளே ஓரிடத்தை மட்டும் சுட முடியும் என்று காட்டினார்கள். 2004இல் கருப்பை நார்க்கட்டிகளுக்கும், 2016இல் ஒருவகைக் கை நடுக்கத்திற்கும் குவித்த மீயொலிக் கருவிகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. கத்தியின்றி, மண்டையைத் திறக்காமல், மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு நடுக்கத்தை நிறுத்துகிறார்கள் என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

தோலுக்கு வருவோம். அக்குளில் வியர்வைச் சுரப்பிகள் தோலுக்கடியில் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளன. விநாடிக்கு 70 லட்சம் அதிர்வுள்ள ஒலி உடலின் திசுவில் செல்லும்போது அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.22 மில்லிமீட்டர். அவ்வளவு நுண்ணிய அலையைத்தான் மிகச் சிறிய புள்ளியில் குவிக்க முடியும். 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கு ஒரு முனை, 4.5 மில்லிமீட்டர் ஆழத்திற்கு வேறொரு முனை என மாற்றிக்கொள்கிறார்கள். புள்ளி புள்ளியாக வரிசையாகச் சுட்டுக்கொண்டு போனால், மேல்தோல் சேதமடையாமல் உள்ளிருக்கும் சுரப்பிகள் பலவும் அழியும் என்பதே கருத்து. இக்கருவி முதலில் வியர்வைக்காக வந்ததன்று. 2009இல் அமெரிக்காவில் தளர்ந்த புருவத்தை உயர்த்துவதற்கென்று அனுமதி பெற்றது. வியர்வைக்கும் பயன்படுமா என்ற எண்ணம் பிறகு வந்தது.

“கருத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதிக்க வேண்டுமல்லவா?” என்றார் மருத்துவர் அம்மா. 2014இல் நெஸ்டர், பார்க் என்னும் இருவர் அமெரிக்காவிலிருந்து அத்தகைய இரு சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது என்ன? பங்கேற்றவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உண்மைச் சிகிச்சை. மறு பகுதியினருக்குப் பொய்ச் சிகிச்சை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, முடிவை மதிப்பிடுபவருக்கும் தெரியாது. ஒரு மாத இடைவெளியில் இருமுறை சிகிச்சை. வியர்வையை எடை போட்டு அளந்தார்கள். ஸ்டார்ச்சு, அயோடின் சோதனையும் செய்தார்கள். ஆம், நான் ஓடிப்போன அதே கருநீலச் சோதனைதான்! உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பலன் தெரிந்தது.

“அப்படியானால் நல்லதுதானே டாக்டர்?” என்றாள் என் அண்ணன் மகள்.

“நல்லதுதான் அம்மா. ஆனால் இரண்டு சோதனைகளையும் சேர்த்தாலும், பங்கேற்றவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்துவிடலாம். அவ்வளவு சிறியவை. முன்னோட்டம் என்றே அவர்களும் எழுதியிருக்கிறார்கள். பாதிப் பேருக்குப் பலன் என்றால் மீதிப் பேரும் இருக்கிறார்கள். சுட்டழித்த சுரப்பி பெரும்பாலும் திரும்ப வளராது. அதுதான் இதன் பலம், எச்சரிக்கையும் அதுவே. எளிய மருந்தைத் தொடாமலே இதற்கு ஓட வேண்டுமா?” என்றார் அவர்.

வேறு வழிகளையும் விளக்கினார். நரம்பின் கட்டளையைச் சில மாதங்கள் தடுக்கும் போட்டாக்ஸ் ஊசி. அமெரிக்காவில் 2004 முதல் இதற்கு ஒப்புதல் உண்டு. 2011இல் அனுமதி பெற்ற நுண்ணலைக் கருவி. நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவை ஒன்றும் உண்டு. ஆனால் அதன் பிறகு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகிப் பலர் வருந்துகிறார்களாம். எல்லாவற்றிற்கும் முதற்படி, அலுமினியம் குளோரைடு கலந்த ஒரு சாதாரணத் திரவம். இரவில், நன்கு உலர்ந்த தோலில் தடவிக் காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தில் தடவினால் எரியும். அது வியர்வைக் குழாயின் வாயை அடைத்துவிடுகிறது.

என் அண்ணன் மகளின் முகம் வாடிவிட்டது. பெரிய கருவியை எதிர்பார்த்து வந்தவளுக்குச் சிறிய புட்டி கிடைத்தது. அப்பொழுது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. “டாக்டர், அவர்கள் சோதித்தது போலவே நாங்கள் வீட்டில் இம்மருந்தைச் சோதித்துப் பார்க்கலாமா? ஒரு பக்கம் மருந்து, மறு பக்கம் வெறும் நீர்” என்றேன். மருத்துவர் அம்மா சிரித்து, “இரண்டு வாரம் தாராளமாகச் செய்யுங்கள். தோல் சிவந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று அனுமதி தந்தார்.

எங்கள் சோதனை இவ்வாறு நடந்தது. ஒரே மாதிரியான இரு புட்டிகள். ஒன்றில் மருந்து; மற்றதில் காய்ச்சி ஆறிய நீர். ‘வலம்’, ‘இடம்’ என்று நானே எழுதி ஒட்டினேன். எதில் எது என்பது எனக்கு மட்டுமே தெரியும். வடிதாளை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வகத்தின் மின்னணுத் தராசில் எடை பார்த்தோம். பிறகு அவள் அக்குளை உலரத் துடைத்து, ஐந்து நிமிடம் அத்தாளை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார வேண்டும். மீண்டும் உறையிலிட்டு மூடி எடை போட வேண்டும். எடை போட்டவர் வேதியியல் ஆசிரியை. எந்தப் பக்கம் மருந்து என்பது அவருக்கும் தெரியாது. அந்த ஐந்து நிமிடத்திற்கு அவரும் ஆய்வகத்தை விட்டு வெளியே சென்று கதவருகே காவல் நின்றார் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

தொடக்கத்தில் வலப்பக்கம் 172 மில்லிகிராம், இடப்பக்கம் 165. ஐந்து நிமிடத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் போனாலே பல ஆய்வுகளில் மிகுதி என்று கொள்கிறார்கள்.

இதனோடு ஒரு குறிப்பேடும் வைத்தோம். மருத்துவர்கள் கேட்கும் நான்கு படிக் கேள்வி ஒன்று உண்டு. வியர்வை தெரிவதே இல்லை, தொல்லையும் இல்லை என்றால் 1. பொறுத்துக்கொள்ளலாம் என்றால் 2. பொறுப்பது கடினம் என்றால் 3. பொறுக்கவே முடியவில்லை, எப்போதும் தொல்லை என்றால் 4. ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனியே அவள் எண்ணிட வேண்டும்.

முதல் நாள் இரண்டு பக்கத்திற்கும் 4. மூன்றாம் நாள், “இரண்டு பக்கமும் லேசா சுருக்குனு இருக்கு அத்தை, மருந்து நல்லா வேலை செய்யுது” என்றாள். வெறும் நீர் எப்படிச் சுருக்கென்று குத்தும்? நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வார முடிவில் குறிப்பேட்டில் வலப்பக்கம் 2, இடப்பக்கம் 2. அவள் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. தாள்களை எடை போட்டோம். வலப்பக்கம் 158 மில்லிகிராம். இடப்பக்கம் 38.

மருந்து இருந்தது இடப்பக்கப் புட்டியில். அதைச் சொன்னபோது அவள் நெடுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் பொய் எழுதலை அத்தை. வலது பக்கமும் நிஜமாவே குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு” என்றாள். அவள் கண் கலங்கியது. “நீ பொய் எழுதவில்லை, கண்ணு. ஆசை எழுதியது. அதனால்தான் மருத்துவ ஆய்வில் பொய்ச் சிகிச்சையையும் வைத்துச் சோதிக்கிறார்கள்” என்றேன்.

தங்கையரே, ஒருத்தியின் இரு அக்குள்களைக் கொண்டு உலகிற்கு எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் எங்களுக்கு இரண்டு உண்மைகள் விளங்கின. முதலாவது, அந்தச் சிறிய புட்டி அவளுக்கு உதவுகிறது. இரண்டாவது, ‘ஆயிரம் பேர் திருப்தி’ என்ற சொல்லுக்கு என்ன எடை என்பது. வேண்டும் வேண்டும் என்று ஏங்குகிற ஒன்றைப் பற்றி நம் உள்ளமே நமக்குச் சரியான சாட்சி சொல்வதில்லை. விளம்பரம் செய்பவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. திருப்தியடைந்தவர்களும் பொய்யர் அல்லர். அளந்து பார்த்தீர்களா, ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, எத்தனை பேரிடம், எத்தனை நாள், செலவு யாருடையது என்று கேட்பது நம் கடமை. குவித்த மீயொலியை நான் குறை கூறவில்லை. அது அழகான அறிவியல். பெரிய சோதனைகளில் அது தேறுமானால், இருவருமாக மீண்டும் அதே மருத்துவரிடம் சென்று கேட்போம்.

நேர்முகத் தேர்வுக்கு அவள் வெளிர்நீலச் சட்டை அணிந்து சென்றாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொன்று கிடைத்தது. வியர்வை முற்றிலும் நின்றுவிட்டதா என்றால் இல்லை. 4 என்று எழுதியவள் இப்போது 2 என்று எழுதுகிறாள், தாளும் அதை ஒப்புக்கொள்கிறது. அவள் சேமிப்பு அவளிடமே இருக்கிறது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். முடிவுகளைக் காட்ட மருத்துவர் அம்மாவிடம் மீண்டும் சென்றிருந்தபோது அங்கே பயிற்சி மாணவியர் சிலர் நின்றிருந்தார்கள். பேச்சினிடையே அவர், “ஸ்கேன் ஆகட்டும், இந்தக் குவித்த ஒலி ஆகட்டும், முதலில் தோலில் வழுவழுப்பான ஜெல்லி தடவுகிறோமே, ஏன்? யாராவது சொல்லுங்கள்” என்றார். யாரும் பேசவில்லை. என்னையறியாமல் என் வலக்கை மேலே போயிற்று. வெள்ளை ரவிக்கை, கோடைக்காலம், ஈரமும் இருந்திருக்கும். “கருவிக்கும் தோலுக்கும் நடுவே சிறிது காற்று இருந்தாலும் இவ்வளவு நுண்ணிய ஒலி உள்ளே போகாது, டாக்டர், எல்லையிலேயே திரும்பிவிடும். ஒலி செல்ல ஏற்ற ஊடகம் வேண்டும். கண்ணாடிக் கூண்டிலிருந்து காற்றை எடுத்தால் மணியோசை வெளியே வராததும் ஊடகம் இல்லாததால்தான்” என்றேன்.

கண்ணாடிக் கூண்டு ஏன் நடுவில் வந்தது என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. என் இயற்பியல் சிஸ்டர் இப்போது இல்லை. 44 ஆண்டுகள் தாமதமானாலும் அந்த விடையை நான் சொல்லிவிட்டேன் என்பதை அவர்கள் இருந்த இப்பள்ளியின் மலரிலேயே பதிந்து வைக்கிறேன்.

அன்னையரே, ஆசிரியைகளே! விடை தெரிந்தும் கை தூக்காத ஒரு பெண் உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருக்கலாம். அவளை அடக்கமானவள் என்று புகழ்ந்துவிட்டு நகராதீர்கள். அருகே அழைத்து என்னவென்று கேளுங்கள். தங்கையரே, உங்களில் யாருக்கேனும் இத்தொல்லை இருந்தால், முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், பிறகு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நனைந்தாலும் பரவாயில்லை, கையைத் தூக்குங்கள்.